குடல் அழற்சி நோயோடு சிகரெட்டை விடுவது: எப்போது, எதை வைத்து, எதைக் கவனித்து?

ஊதாதவன்:

குடல் அழற்சி (கிரோன், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற இரண்டு நெடுங்கால நோய்கள்; முன்னது குடலில் எங்கும் வரும், பின்னது பெருங்குடலில் மட்டும்) உள்ளவர் சிகரெட்டை விடுவது பற்றித் தேடினால் "உடனே நிறுத்துங்கள்" என்பதற்கு மேல் ஒன்றும் கிடைப்பதில்லை. இல்லாவிட்டால் நேரெதிராக "கோலைட்டிஸுக்கு தம் நல்லது" என்று ஒரு கூட்டம். என் சந்தேகம் மூன்று. கிரோனுக்கும் கோலைட்டிஸுக்கும் ஒரே யோசனைதானா? விட்ட பிறகு வயிறு படுத்தினால் அது நோய் கிளம்பியதா, நிகோடின் இல்லாத படுத்தலா, எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நிகோடினைத் தோல் வழியே தரும் பேட்ச், நிகோடின் கம், மாத்திரை என்று இருப்பவற்றில் குடலைச் சீண்டாதது எது? சொந்தக் கதை வேண்டாம் மக்களே, அளவும் நாளும் செய்முறையும் சொல்லுங்கள்.

மாத்திரைப்பெட்டி:

இரண்டுக்கும் விடுவதுதான் யோசனை. விடும் நேரமும் முன்னேற்பாடும்தான் வேறு.

கிரோனில் விவாதத்துக்கே இடமில்லை. புகைப்பவர்களுக்கு நோய் அடிக்கடி கிளம்புகிறது. ஸ்டீராய்டும் எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்துகளும் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. குடலை வெட்டி எடுத்துச் சேர்த்துத் தைத்த பிறகும் அந்தத் தையலை ஒட்டியே நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பு. விட்டால் பலன் மெதுவாகத்தான் தெரியும். பாரிஸில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஓராண்டுக்கு மேல் விட்டே இருந்த கிரோன் நோயாளிகளுக்கு நோய் கிளம்பும் வீதம், புகைக்காதவர்களின் அளவுக்கே இறங்கியிருந்தது. "விட மாட்டேன், குறைத்துக்கொள்கிறேன்" என்பது இதில் செல்லாது. நாளைக்குப் பத்துக்குள் புகைத்தவர்களுக்கும் நோய்ப்போக்கு மோசமாகவே இருந்ததை வேறொரு ஆய்வு காட்டிவிட்டது.

கோலைட்டிஸ் கதை வேறு. புகைக்காதவர்களிடம் இந்த நோய் அதிகம் என்பது 1982 முதலே மருத்துவ இதழ்களில் பேசப்படுகிறது. புகைத்து விட்டவர்களுக்கு, விட்ட முதல் சில ஆண்டுகளில் புதிதாகக் கோலைட்டிஸ் வரும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் ஏற்கெனவே நோய் உள்ளவர் விடும்போது கொஞ்சம் திட்டம் தேவை. பயம் தேவையில்லை.

இன்னொன்று. "குடல் அழற்சி" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு, தமக்கு இருப்பது கிரோனா கோலைட்டிஸா என்றே தெரியாமல் மருந்து சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். கொலனோஸ்கோபி அறிக்கையையும் பயாப்ஸி அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். மேற்கொண்டு படிப்பது அதற்கப்புறம்.

நடுநிசி:

அப்படியானால் கோலைட்டிஸ்காரர் தினம் இரண்டோ மூன்றோ பிடித்துக்கொண்டு நோயை அடக்கி வைப்பதில் என்ன தப்பு? ஸ்டீராய்டை விட அது மேல் இல்லையா?

செவிலி_கை:

நடுநிசி தம்பி, இந்தக் கேள்வி எல்லா இழையிலும் வருகிறது, விளக்கமாகவே சொல்கிறேன்.

சிகரெட்டில் காப்பது நிகோடினாக இருந்தால் நிகோடினை மட்டும் கொடுத்தால் போதுமே என்று 1990-களில் பேட்ச் ஒட்டிச் சோதித்தார்கள். நோய் கிளம்பியிருந்தவர்களுக்கு, வழக்கமான மருந்தோடு சேர்த்து ஒட்டியபோது நிகோடின் இல்லாத வெறும் பட்டையை விடக் கொஞ்சம் பலன் இருந்தது. நோய் அடங்கியவர்களுக்கு அது மறுபடி கிளம்பாமல் தடுக்குமா என்று பார்த்தபோது பலன் இல்லை. குமட்டல், தலைசுற்றல், தூக்கமின்மை மட்டும் மிச்சம். அதனால்தான் கோலைட்டிஸ் மருந்தாக நிகோடின் இன்றுவரை நிலைக்கவில்லை.

புகை உண்மையிலேயே நோயை அடக்கி வைக்கிறதா என்பதும் முன்பு நினைத்த அளவுக்கு உறுதியில்லை. பிரிட்டனில் பெரிய எண்ணிக்கையில் கோலைட்டிஸ் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தபோது, புகைத்தவர்களுக்கும் எப்போதுமே புகைக்காதவர்களுக்கும் நோய் கிளம்புவதிலோ, மருத்துவமனையில் சேர்வதிலோ, பெருங்குடலை எடுக்க நேர்வதிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

மறுபக்கத் தட்டையும் பாருங்கள். குடல் அழற்சி தீவிரமாக இருக்கும்போது ரத்தக்குழாயில் கட்டி உறையும் ஆபத்து ஏற்கெனவே கூடுதல், அதன் மேல் புகை. ஸ்டீராய்டு எலும்பைக் கரைக்கிறது, அதன் மேல் புகை. பெண்களுக்கு எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்தோடு புகையும் சேர்ந்தால் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆபத்தும் கூடும். டோஃபாசிடினிப், உபாடாசிடினிப் போன்ற ஜாக் தடுப்பான்கள் எனும் அழற்சி அடக்கும் மாத்திரைகளை, புகைப்பவர்களுக்கும் நெடுங்காலம் புகைத்தவர்களுக்கும் வேறு வழி இல்லாவிட்டால் மட்டுமே கொடுக்கச் சொல்லி ஐரோப்பிய மருந்து முகமை 2023-இல் அறிவுறுத்தியது. அந்த மருந்துகள் கோலைட்டிஸுக்கும் பயன்படுகிறவை. இரண்டு சிகரெட்டுக்காக நாளைக்குத் தேவைப்படக்கூடிய ஒரு மருந்தின் கதவை நீங்களே சாத்திக்கொள்கிறீர்கள்.

மாத்திரைப்பெட்டி:

அக்கா சொன்னதோடு நேரக் கணக்கு.

கோலைட்டிஸ் என்றால் நோய் அடங்கியிருக்கும் காலத்தில் தேதி குறியுங்கள். ரத்தம் போய்க்கொண்டிருக்கும் வாரத்திலோ, ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டிருக்கும்போதோ வேண்டாம். அப்போது வயிறு கெட்டால் ஸ்டீராய்டு குறைந்ததாலா, சிகரெட் போனதாலா என்று மருத்துவராலேயே சொல்ல முடியாது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தரும் தூக்கமின்மை, எரிச்சல், அகோரப் பசி மூன்றும் நிகோடின் விடுவதன் அறிகுறிகளும்தான். இரண்டையும் ஒரே வாரத்தில் சுமப்பானேன்? நோயை அடக்கி வைக்கும் மெசலமைன் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பலர் நோய் அடங்கியதும் அதைப் பாதியில் விட்டிருப்பார்கள். பிறகு சிகரெட்டையும் விட்டு, நோய் கிளம்பியதும் பழியைச் சிகரெட் விட்டதன் மேல் போடுவார்கள்.

கிரோன் என்றால் நல்ல நேரம் பார்க்க வேண்டாம். நோய் கிளம்பியிருந்தாலும் விடலாம். அறுவை சிகிச்சைக்குத் தேதி வைத்திருந்தால் குறைந்தது 4 வாரம் முன்பே விட்டிருக்க வேண்டும். தையல் ஆறுவதும், மயக்க மருந்துக்குப் பின் நுரையீரல் தெளிவதும் அந்த 4 வாரத்தைப் பொறுத்தவை.

ஊதாதவன்:

தெளிவு. இப்போது பேட்ச், கம் கணக்கு?

செவிலி_கை:

குடல் நோய்க்காரருக்கு என் முதல் தேர்வு பேட்ச். காரணம் எளிது, அது குடல் வழியே போவதில்லை. பேதியோ, வாந்தியோ, குடல் நீளம் குறைந்ததோ எதுவும் அதன் வேலையைக் கெடுக்காது.

நாளைக்கு 10-க்கு மேல் புகைப்பவர்: 21 மி.கி. 6 வாரம், 14 மி.கி. 2 வாரம், 7 மி.கி. 2 வாரம். பத்தோ அதற்குக் கீழோ என்றால் 14 மி.கி. 6 வாரம், 7 மி.கி. 2 வாரம். இது 24 மணி நேரப் பட்டையின் கணக்கு. 16 மணி நேரப் பட்டையின் அளவுகள் வேறு, அட்டையைப் படியுங்கள்.

ஒட்டும் விதத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். மேல்கையோ மார்பின் மேல்பகுதியோ, முடியில்லாத இடம். எண்ணெய், லோஷன் இல்லாமல் கழுவித் துடைத்து, உலர்ந்த பின் ஒட்டி உள்ளங்கையால் 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஓரங்களையும் தடவிவிடுங்கள். மறுநாள் வேறு இடம். அதே இடத்துக்கு ஒரு வாரம் கழித்துத்தான் திரும்ப வரலாம். லேசான சிவப்பும் அரிப்பும் சகஜம், கொப்புளம் என்றால் எடுத்துவிடுங்கள். ஸ்டோமா பை (வயிற்றில் போட்ட துளை வழியே மலம் சேரும் பை) வைத்திருப்பவர் வயிற்றுப் பக்கமே போகாதீர்கள், அங்கே தோலுக்கு ஏற்கெனவே போதுமான தொல்லை. கழற்றிய பட்டையில் இன்னும் நிகோடின் மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வர மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள். இரவில் கெட்ட கனவு துரத்தினால் படுக்கும் முன் கழற்றிவிடலாம்.

பேட்ச் மட்டும் பலருக்குப் போதாது. அது அடியில் ஓடும் சீரான அளவு, திடீரென்று வரும் தவிப்பைத் தணிக்காது. அதற்குக் கம் அல்லது லாசெஞ்ச் (வாயில் கரையும் நிகோடின் வில்லை). பேட்சோடு இவற்றில் ஒன்றைச் சேர்த்தால், ஒன்றை மட்டும் பயன்படுத்துவதை விட வெற்றி வாய்ப்பு கூடுதல் என்பது நன்கு நிரூபணமானது.

வெண்கோடு:

கம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை, உணவு ஆலோசனைப் பக்கத்திலிருந்து. நிகோடின் கம்மிலும் லாசெஞ்சிலும் இனிப்புக்கு சார்பிட்டால், சைலிட்டால், மானிட்டால் ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். இவை சிறுகுடலில் முழுதாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய், தண்ணீரை இழுத்து, நொதித்து வாயுவாகின்றன. ஒன்றிரண்டு யாரையும் ஒன்றும் செய்யாது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கம், அதன் மேல் "வாயில் ஏதாவது வேண்டுமே" என்று சர்க்கரையில்லாத மிட்டாய், சர்க்கரையில்லாத சாதாரண சூயிங்கம் என்று சேர்த்தால் உப்புசமும் பேதியும் நிச்சயம். பிறகு "சிகரெட்டை விட்டேன், நோய் கிளம்பிவிட்டது" என்ற புலம்பல். கிளம்பியது நோய் இல்லை, சார்பிட்டால்.

கம் மெல்லும் முறையும் முக்கியம். சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் வரும், தவிப்பும் அடங்காது. மெதுவாக மென்று காரமோ சுரீரென்ற உணர்வோ வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குங்கள். உணர்வு போனதும் மறுபடி நாலு மெல்லு, வேறு பக்கம் ஒதுக்கு. ஒரு கம் 30 நிமிடம் வரும். மெல்வதற்கு 15 நிமிடம் முன்பும் மெல்லும்போதும் காபி, பழச்சாறு, சோடா கூடாது. வாயில் அமிலம் இருந்தால் நிகோடின் உறிஞ்சப்படாது.

எழுந்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு 4 மி.கி., மற்றவர்களுக்கு 2 மி.கி. உச்சவரம்பு நாளைக்கு 24. ஆனால் பேட்ச் ஒட்டியிருக்கும் குடல் நோய்க்காரர் அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் போக வேண்டியிருக்காது. போகிறார் என்றால் பேட்ச் அளவு போதவில்லை.

அடுத்தது, பொதுவான புகை விடும் கையேடுகளில் ஒரு வரி இருக்கும்: "தவிப்பு வந்தால் பச்சைக் காரட், கொட்டைகள், விதைகளை மெல்லுங்கள்." கிரோனில் குடல் சுருக்கம் உள்ளவர் அந்த வரியை அடித்துவிடுங்கள். சுருங்கிய இடத்தில் அடைத்துக்கொள்ளக் கேட்க வேண்டாம். வாய்க்கு வேலை வேண்டுமென்றால் குளிர்ந்த தண்ணீரை உறிஞ்சுகுழாயில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஒரு தவிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சம் தொட்டு இறங்கிவிடும், ஒரு கோப்பைத் தண்ணீர் அதைக் கடத்திவிடும்.

நடுநிசி:

காபி பற்றிச் சொன்னீர்களே, விட்ட முதல் வாரம் காபி குடித்தால் படபடப்பும் வயிற்றுக் கலக்கமும் அதிகம் என்கிறார்களே, அது மனப்பிரமையா?

மாத்திரைப்பெட்டி:

பிரமை இல்லை, கல்லீரல் கணக்கு. புகையில் உள்ள தார்ப்பொருள்கள் கல்லீரலில் காஃபினை உடைக்கும் நொதியை முடுக்கிவிடுகின்றன. சிகரெட் நின்றதும் ஒரு வாரத்துக்குள் அந்த நொதி பழைய வேகத்துக்கு இறங்கும். அதே இரண்டு கோப்பை காபி, உடம்புக்குள் ஏறத்தாழ இரட்டிப்பாக நிற்கும். படபடப்பு, தூக்கமின்மை, இளகின மலம் எல்லாம் அதிலிருந்து வரலாம். விடும் நாளிலிருந்தே காபி, டீயைப் பாதியாக்குங்கள். பேட்ச் ஒட்டியிருந்தாலும் இது நடக்கும், ஏனென்றால் நொதியை முடுக்கியது நிகோடின் இல்லை, புகை. தியோஃபிலின், குளோசபின், ஓலான்சபின் சாப்பிடுபவர்கள் விடும் தேதியை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியதும் இதே காரணத்தால்தான். வார்ஃபரின் எடுப்பவர் ரத்தப் பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டும்.

மாத்திரைகளுக்கும் வந்துவிடுகிறேன். இரண்டும் மருத்துவர் சீட்டு எழுதித் தரவேண்டியவை.

வரெனிக்லின்: முதல் 3 நாள் 0.5 மி.கி. ஒருவேளை, 4 முதல் 7-ஆம் நாள் வரை 0.5 மி.கி. இருவேளை, 8-ஆம் நாளிலிருந்து 1 மி.கி. இருவேளை, மொத்தம் 12 வாரம். விடும் தேதி பொதுவாக 8-ஆம் நாள். குமட்டல் மூன்றில் ஒருவருக்கு அருகில் வரும். சாப்பிட்ட பின், ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு எடுத்தால் பெருமளவு குறையும். மலச்சிக்கல், வாயு உண்டு. சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து, எனவே சிறுநீரகம் மிகவும் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைப்பார்கள். மெசலமைன் எடுப்பவர்களுக்கு சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின் அவ்வப்போது பார்ப்பார்கள், கடைசி அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள்.

புப்ரோபியான்: 150 மி.கி. 3 நாள் ஒருவேளை, பிறகு இருவேளை, ஆரம்பித்து ஒரு வாரம் கழித்து விடும் தேதி. குடல் நோய்க்காரர் இதில் கவனிக்க வேண்டியது ஸ்டீராய்டு. புப்ரோபியானால் வலிப்பு வரும் சிறிய ஆபத்து உண்டு. வாய்வழி ஸ்டீராய்டு கூடச் சேர்ந்தால் அது ஏறும். வலிப்பு வரலாறு உள்ளவருக்கு இந்த மருந்தே கிடையாது. மெதுவாகக் கரையும் மாத்திரை என்பதால் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. சிறுகுடலில் பெரும்பகுதி எடுக்கப்பட்டவருக்கு இப்படிப்பட்ட மாத்திரை முழுதாகக் கரையும் முன்பே வெளியேறிவிடலாம். மலத்திலோ ஸ்டோமா பையிலோ மாத்திரை முழுசாகத் தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஊதாதவன்:

இரண்டாவது சந்தேகம் இன்னும் பாக்கி. நோயா, விட்டதன் விளைவா?

செவிலி_கை:

விடும் முன்பே வேலையைத் தொடங்கினால் இது சுலபம். இரண்டு வாரம் முன்பிருந்து ஒரு தாளில் தினம் நாலு விஷயம்: எத்தனை முறை, எவ்வளவு இளக்கம், ரத்தம் உண்டா, இரவில் எழுந்தீர்களா. கூடவே மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) சோதனை ஒருமுறை. இந்த ஆரம்ப அளவு இல்லாமல் பின்னால் வரும் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

நிகோடின் போனால் வருவது பெரும்பாலும் மலச்சிக்கல், ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு. நிகோடின் பெருங்குடலை அசைத்துக்கொண்டிருந்தது, அது நின்றதும் குடல் சோம்புகிறது. எரிச்சல், பசி, தூக்கக்கேடு முதல் 2, 3 நாளில் உச்சம், 2 முதல் 4 வாரத்தில் தேய்ந்துவிடும். முதல் இரண்டு வாரத்தில் வாய்ப்புண் வருவதும் சகஜம். கிரோன்காரர்கள் இதைப் பார்த்துத்தான் அதிகம் பயப்படுகிறார்கள், அவர்கள் நோயிலும் வாய்ப்புண் உண்டு என்பதால். வாய்ப்புண் மட்டும் வந்து வயிறு அமைதியாக இருந்தால் இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, காய்ச்சல், எடை இறங்குவது: இவை நிகோடின் கணக்கில் வராது. விட்ட பிறகு எடை சராசரியாக 4, 5 கிலோ ஓராண்டில் ஏறும். ஏற வேண்டிய நேரத்தில் இறங்கினால் அதுவே ஒரு செய்தி. கால்ப்ரொடெக்டின் ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றால் நிம்மதி, 250-க்கு மேல் என்றால் அழற்சி இருக்கிறது என்று கொள்ளலாம், நடுவில் என்றால் சில வாரத்தில் மறுபடி. கோலைட்டிஸ்காரர் விட்ட 6-ஆம் வாரத்திலும் 12-ஆம் வாரத்திலும் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டு தப்பான கைவைத்தியம். தலைவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எடுக்காதீர்கள், அவை குடல் நோயைக் கிளப்பக்கூடும். பாராசிட்டமால் போதும். பேதிக்கு, ரத்தம் இருக்கும்போது லோப்பரமைடு கூடவே கூடாது. தீவிரக் கோலைட்டிஸில் பெருங்குடல் ஊதிப் பெருத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

வெண்கோடு:

மலச்சிக்கலுக்கு: இசப்கோல் மாதிரி ஊறிப் பெருக்கும் நார், குடல் சுருக்கம் உள்ளவருக்கு ஆபத்து. மேக்ரோகால் பொடியைத் தண்ணீரில் கலந்து குடிப்பது பொதுவாகப் பாதுகாப்பான வழி. ஆனால் வயிறு உப்பி, வாயுவும் போகாமல், வாந்தியும் வந்தால் அது மலச்சிக்கல் இல்லை, அடைப்பு. அப்போது எந்தப் பொடியும் வேண்டாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவு.

"தம் இல்லாமல் காலையில் போகாது" என்பவர்களுக்கு: சாப்பிட்டதும் பெருங்குடல் தானாகவே அசையும். காலை உணவோடு வெதுவெதுப்பாக ஏதாவது குடித்து, 20, 30 நிமிடத்துக்குள் போய் உட்காருங்கள். மேல்நாட்டுக் கழிப்பறை என்றால் காலடியில் சின்ன முக்காலி, முழங்கால் இடுப்புக்கு மேலே வரட்டும். பத்து நிமிடத்துக்கு மேல் முக்கிக்கொண்டு இருக்க வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்தில் பழகும்.

கழிப்பறை பற்றி இன்னொன்று, யாரும் எழுதுவதில்லை. குடல் நோய்க்காரருக்கு அது நாளுக்குப் பலமுறை போகும் இடம். பலருக்கு அதுவே புகைக்கும் இடமும். அங்கே உட்கார்ந்ததும் கை தானாகப் பாக்கெட்டைத் தேடும். லைட்டர், சாம்பல் கிண்ணம், ஜன்னல் விளிம்பில் ஒளித்த அரைத்துண்டு எல்லாவற்றையும் விடும் நாளுக்கு முந்தைய இரவே அப்புறப்படுத்தி, சுவரையும் கதவையும் கழுவிவிடுங்கள். அந்த வாசனையே பாதித் தூண்டில்.

நடுநிசி:

மின்சிகரெட்டுக்கு மாறினால்?

மாத்திரைப்பெட்டி:

எரிக்கும் புகையை விடக் கேடு குறைவு. ஆனால் பெரும்பாலோர் மாறுவதில்லை, இரண்டையும் சேர்த்து இழுக்கிறார்கள். கிரோனுக்கு அப்படி எந்த லாபமும் இல்லை. பேட்சும் மாத்திரையும் முயன்று பார்க்காமல் அங்கே போகாதீர்கள்.

தவறிப்போய் ஒன்று பிடித்துவிட்டால் பேட்சைக் கழற்ற வேண்டாம். "சிகரெட்டும் பேட்சும் சேர்ந்தால் மாரடைப்பு" என்று பயந்து பேட்சைக் கழற்றி சிகரெட்டைத் தொடர்கிறவர்கள்தான் முழுதாகத் திரும்பிப் போகிறார்கள். அன்றைய பேட்ச் அப்படியே இருக்கட்டும், அடுத்ததைப் பிடிக்காதீர்கள். மருத்துவமனையில் விட்டீர்களா என்று சோதிக்க, பேட்ச் போட்டிருப்பவருக்கு மூச்சில் கார்பன் மோனாக்சைடு பார்ப்பதே சரி. கோட்டினின் (நிகோடின் உடம்பில் உடைந்து வரும் பொருள்) சோதனை பேட்ச் நிகோடினையும் சேர்த்துக் காட்டும், வீண் சந்தேகம் வரும்.

ஊதாதவன்:

கடைசியாக ஒன்று. வயிற்று வலிக்குச் சுடுநீர்ப் பை வைக்கலாமா, பேட்ச் ஒட்டியிருக்கும்போது? குடலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும் நாளில்?

செவிலி_கை:

சுடுநீர்ப் பை வயிற்றில் இருக்கலாம், பேட்சின் மேல் படக்கூடாது. சூடு பட்டால் தோல் நிகோடினை வேகமாக இழுத்துக்கொள்ளும். குமட்டல், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு வந்தால் உடனே கழற்றி, அந்த இடத்தைச் சோப்பு இல்லாமல் வெறும் தண்ணீரில் கழுவுங்கள்.

எம்.ஆர்.ஐ.க்குக் கட்டாயம் கழற்ற வேண்டும். சில பட்டைகளின் பின்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகத் தாள் இருக்கும், இயந்திரத்துக்குள் அது சூடாகித் தோலைச் சுட்டுவிடும். உள்ளே போகும் முன் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, வெளியே வந்ததும் புதியதை வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். அந்தப் படிவத்தில் "உடம்பில் உலோகம் ஏதாவது?" என்று கேட்கும்போது பலருக்கு பேட்ச் ஞாபகம் வராது. முந்தைய இரவே கைப்பேசியில் ஒரு நினைவூட்டல் போட்டுவையுங்கள்.